பரங்கிமலைக் கல்லும் அதைப் படித்தவர்களும்

கி.பி. 590 வாக்கில், இன்றைய பிரான்ஸின் தூர் நகரத்துப் பிஷப்பாக இருந்த கிரிகோரி, வேதசாட்சிகளின் மகிமையைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். அதில் சில வரிகள் மட்டும் நமக்கு வேண்டியவை. இந்தியாவில் தோமையாரின் உடல் முதலில் இருந்த இடத்தில் ஒரு மடாலயமும், அளவில் பெரியதும் அலங்காரம் மிகுந்ததுமான ஒரு கோயிலும் இருக்கின்றன. அங்கே ஒரு விளக்கு, எண்ணெயையும் திரியையும் யாரும் கவனிக்காமலே இரவும் பகலும் எரிகிறது. நேரில் போய்வந்த தியடோர் என்பவர் தன்னிடம் இதைச் சொன்னார் - இவ்வளவுதான் குறிப்பு. ஊரின் பெயரை அவர் எழுதவில்லை. அதை மயிலாப்பூர் என்று நாம் கொள்வது, பிற்கால யாத்ரிகர்களின் குறிப்புகளோடு சேர்த்துப் பார்ப்பதால்தான்.

இதற்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷம் கழித்து, பதினாறாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், துவார்த்தே பர்போசா என்ற போர்ச்சுகீசியர் மயிலாப்பூரைப் பற்றி எழுதுகிறார். கோயில் பாழடைந்து கிடக்கிறது. ஏழை முஸ்லிம் ஒருவர் அதைப் பார்த்துக்கொள்கிறார். அதற்காகப் பிச்சையெடுக்கிறார். கிடைக்கிற காசில் இரவில் ஒரு விளக்கு எரிகிறது.

முதல் விளக்கு அற்புதம். இரண்டாவது விளக்குக்கு எண்ணெய் தேவைப்பட்டது, அதை ஒருவர் தேடிக்கொண்டுவர வேண்டியிருந்தது. எனக்கு இரண்டாவது விளக்கில்தான் அதிக நம்பிக்கை. இந்த இரண்டுக்கும் இடையில் மயிலாப்பூரில் என்ன இருந்தது, அதில் என்ன மிஞ்சியிருக்கிறது, மிஞ்சியதை நாம் எப்படிப் படித்தோம் என்பவைதான் இந்தக் கட்டுரையின் விஷயம். தோமையார் இங்கே வந்தாரா என்ற கேள்வியை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கேள்வியின் இரைச்சலில் வேறு சில கேள்விகள் காதில் விழாமலே போய்விடுகின்றன.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். கீழைக் கிறிஸ்தவம் என்றதும் நமக்கு ருஷ்ய நாவல்களில் வருகிற ஆர்த்தடாக்ஸ் மடாலயங்கள் நினைவுக்கு வரும் - மெழுகுவர்த்தியும் பொன்முலாம் பூசிய படங்களும் தாடி வைத்த துறவிகளுமாக. மயிலாப்பூரில் இருந்தது அந்த மரபல்ல. 431-இல் எபேசஸ் சங்கத்தை ஒட்டி ஒரு பிளவும், 451-இல் கால்செடோன் சங்கத்தை ஒட்டி இன்னொரு பிளவும் கீழைச் சபைகளுக்குள் நேர்ந்தன. இரண்டாவது பிளவில் ஒதுங்கியவை ஆர்மீனிய, எகிப்திய, மேற்குச் சிரிய ஆர்த்தடாக்ஸ் சபைகள். முதல் பிளவுக்குப் பின் தனிவழி போனது பாரசீகத்தில் வேரூன்றிய கிழக்குச் சபை. மற்றவர்கள் அதற்கு நெஸ்டோரியன் என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சபைக்கு அந்தப் பெயர் பிடித்ததில்லை. வழிபாட்டு மொழி சிரியாக். ஆனால் இந்தியாவோடு தொடர்பு வைத்திருந்த பார்ஸ் மாகாணத்துக் கிறிஸ்தவர்கள் பாரசீகத்தையும் விடவில்லை. கப்பலேறிக் கிழக்கே வந்தவர்கள் அவர்கள்தாம்.

அந்தக் கடல்வழியில் அவர்களுடைய மடாலயங்கள் இருந்தன. பாரசீக வளைகுடாவில் கார்க் தீவிலும், இன்றைய அபுதாபியைச் சேர்ந்த சர் பனி யாஸ் தீவிலும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். நடுவில் கோயில், சுற்றிலும் துறவிகளின் சிறு அறைகள், சுவரில் சுண்ணச்சாந்தில் வார்த்த சிலுவைகள், கொடிகள், இலைகள். அவர்களுடைய சிலுவையில் அறையப்பட்ட உடல் கிடையாது. கோயிலின் கிழக்குக் கோடியில் திருவிடம், அதை மறைத்து ஒரு திரை. சபை நடுவே வேதம் வாசிக்கும் மேடை. மயிலாப்பூர் மடாலயத்தின் உட்புறம் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்ய விரும்புகிறவர் சாந்தோம் தேவாலயத்தின் கோதிக் கூரையை அண்ணாந்து பார்ப்பதில் பயனில்லை; அது 1896-இல் முடிந்த கட்டிடம். கார்க் தீவின் இடிபாடுகளைத்தான் பார்க்க வேண்டும்.

கிரிகோரிக்குப் பின் நீண்ட மௌனம். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கடைசியில் குறிப்புகள் வரத் தொடங்குகின்றன. 1291 வாக்கில் மோந்தெகொர்வினோ ஜான் என்ற பிரான்சிஸ்கன் துறவி சீனாவுக்குப் போகும் வழியில் பதின்மூன்று மாதம் இந்தியாவில் தங்கினார். கூட வந்த பிஸ்தோயா நிக்கொலாஸ் இறந்துபோக, அவரைத் தோமையார் கோயிலிலேயே அடக்கம் செய்தார். அதே காலத்தில் வந்த மார்க்கோ போலோ, வியாபாரிகள் அதிகம் வராத சின்ன ஊர் என்கிறார். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் யாத்திரை வருவதாகவும், அங்கிருந்து செம்மண்ணை எடுத்துப் போய் நோயாளிகளுக்குக் கொடுப்பதாகவும் சொல்கிறார். 1320களில் வந்த ஒதோரிக் பாதிரியார், கோயிலை ஒட்டிப் பதினைந்து நெஸ்டோரியன் வீடுகள் என்று கணக்குச் சொல்கிறார். கோயிலுக்குள் விக்கிரகங்கள் நிறைந்திருந்தன என்றும் சேர்த்துக்கொள்கிறார். 1504-இல் கேரளத்திலிருந்து கிழக்குச் சபையின் பிஷப்புகள் தங்கள் தலைவருக்குச் சிரியாக்கில் எழுதிய கடிதத்தில், மயிலாப்பூரில் தோமையாரின் இல்லங்களில் மறுபடியும் சில கிறிஸ்தவர்கள் குடியேறி, பழுதுபார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று ஒரு செய்தி. மறுபடியும் என்றால் நடுவில் யாருமே இல்லாமல் போயிருக்கிறது. பிறகு பர்போசாவின் பிச்சைக்கார விளக்கு.

கவனிக்க வேண்டியது ஒன்று. இதில் எந்த இடத்திலும் யாரும் யாரையும் துரத்தியதாகக் குறிப்பில்லை. பெரிய மடாலயம் பதினைந்து வீடுகளாகி, பதினைந்து வீடு ஒரு விளக்காகி, அந்த விளக்கையும் வேறு மதத்தார் ஏற்றும் நிலை வந்திருக்கிறது. கடல்வழியின் மறுமுனையில் அந்தச் சபையே நலிந்துகொண்டிருந்தது. துறவிகள் வருவது நின்றால் மடாலயம் தானாகவே அணையும். நாம் வரலாற்றில் எப்போதும் இடித்தவனைத் தேடுகிறோம். ஆள் வராததாலும் கோயில்கள் அழிகின்றன என்பது நமக்குச் சுவாரஸ்யமாக இல்லை.

1517-இல் மலாக்காவிலிருந்து வந்து பழவேற்காட்டில் இறங்கிய போர்ச்சுகீசியர் சிலரை மயிலாப்பூருக்கு அழைத்து வந்தவர்கள் ஆர்மீனிய வியாபாரிகள். போர்ச்சுகீசியருக்கு முன்பே ஆர்மீனியர்களுக்கு இந்த இடம் தெரிந்திருந்தது. வந்தவர்கள் 1523-இல் கல்லறையைத் தோண்டினார்கள், கோயிலைப் புதுப்பித்தார்கள். அதே வருஷத்தில், தெற்கே பெரிய மலையின் உச்சியிலும் ஒரு கோயில் எழுந்ததாகச் சொல்வார்கள். அந்த மலைக்குத்தான் நாம் பரங்கிமலை என்று பெயர் வைத்திருக்கிறோம். ஊர்ப்பெயர்கள் கடைசியாக வந்தவனையே நினைவு வைத்துக்கொள்ளும் போலிருக்கிறது. பாரசீகன் அங்கே பல நூற்றாண்டு முந்தியவன். பெயர் பரங்கிக்குப் போயிற்று.

1547-இல் மலைமேல் கோயிலுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு கற்பலகை கிடைத்தது. இன்று அந்தச் சிறிய கோயிலுக்குள் நுழைந்தால் பலிபீடத்துக்குப் பின்சுவரில் பதித்திருப்பது அதுதான். உள்ளே மற்றவையெல்லாம் பிந்தியவை. அப்போஸ்தலர்களின் ஓவியங்கள் பிந்தியவை. லூக்கா தீட்டியது என்று ஐதீகம் கூறும் மாதா படம் எந்தக் காலத்ததாயிருந்தாலும் போர்ச்சுகீசியரோடு தொடர்புள்ளது. 1558 டிசம்பர் 18-இல் பூசை நடக்கும்போது கல்லில் ரத்தம் வியர்த்தது என்றும், 1704 வரை அவ்வப்போது அது நிகழ்ந்தது என்றும் கதை. வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கதையை நினைத்துக்கொண்டே கல்லைப் பார்க்கிறார்கள். கல்லில் செதுக்கியிருப்பதைப் பார்க்கிறவர்கள் குறைவு.

செதுக்கியிருப்பது இது. நடுவில் சிலுவை, முனைகள் மொட்டு விரிந்தாற்போல. அதில் உடல் இல்லை. மேலிருந்து ஒரு புறா தலைகீழாக இறங்குகிறது. அடியில் படிகள், படிகளிலிருந்து இரண்டு பக்கமும் இலைகள் சுருண்டு எழுகின்றன. இரு புறமும் தூண்கள். தூண்களின் மேல் யாளி போலவும் மகரம் போலவும் இரண்டு மிருகங்கள். அவற்றின் வாயிலிருந்து வளைவு புறப்பட்டுச் சிலுவைக்கு மேல் கூடுகிறது. நம்முடைய கோயில்களில் எந்தக் கோஷ்டத்தின் மேலும் பார்க்கக்கூடிய மகர தோரணம் அது. தெய்வம் நிற்க வேண்டிய இடத்தில் சிலுவை நிற்கிறது. ஏழாம் நூற்றாண்டுக்கும் ஒன்பதாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். அதாவது பல்லவர் காலம். இலையும் சிலுவையும் வளைகுடாவிலிருந்து வந்திருக்கின்றன. மகரத்தைச் செதுக்கிய கை இந்தப் பக்கத்துக் கையாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. கலப்பு என்று அதைச் சிலாகித்துப் பேசுவது இன்று சுலபம். அன்று அந்தச் சிற்பிக்கு அது கலப்பாகத் தோன்றியிருக்காது. ஒரு மாடத்தை எப்படி முடிப்பது என்று அவனுக்குத் தெரிந்த முறையில் முடித்திருக்கிறான்.

வளைவைச் சுற்றி எழுத்து ஓடுகிறது. கல்லைக் கண்டெடுத்த போர்ச்சுகீசியருக்கு அது புரியவில்லை. விஜயநகர ராஜ்யத்திலிருந்து ஒரு பிராமணப் பண்டிதரைத் தேடி அழைத்து வந்தார்கள். அவர் படித்துக் காட்டினார் - தேவகுமாரனால் அனுப்பப்பட்ட தோமை இந்த நாடுகளுக்கு வந்ததையும், கோயில் கட்டியதையும், அற்புதங்கள் செய்ததையும், இந்தச் சிலுவைக்கு முன் மண்டியிட்டிருக்கையில் ஒரு பிராமணனின் ஈட்டியால் குத்துண்டதையும், அவர் ரத்தம் இதில் படிந்ததையும். இத்தனை சின்ன எழுத்துவரிசையில் இவ்வளவு நீளமான சரித்திரம் எப்படி அடங்கும்? ஒவ்வொரு எழுத்தும் பல சொற்களுக்குச் சமானம் என்றார் பண்டிதர். சந்தேகத்தைத் தீர்க்க வேறு ஊரிலிருந்து இன்னொரு பண்டிதரைக் கொண்டுவந்தார்கள், அவரும் முதலாமவர் சொன்னதையே சொன்னார் என்று பின்னால் எழுதிய பாதிரிமார்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்தக் கதையை ஏமாற்று என்று சிரித்து ஒதுக்கிவிடலாம். அதைவிட முக்கியமானது அதில் இருக்கிறது. கேட்டவனுக்கு என்ன விடை வேண்டும் என்பது கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. பண்டிதர் கல்லைப் படிக்கவில்லை. எதிரே நின்ற முகங்களைப் படித்தார். மிகச் சரியாகவே படித்தார். நம் இலக்கிய விமர்சனத்தில் இந்தப் பண்டிதரின் வம்சம் இன்னும் தழைத்திருக்கிறது. ஒரு கவிதையின் ஒவ்வொரு சொல்லுக்கும் பல பக்கம் அர்த்தம் இருப்பதாகச் சொல்லி, கூட்டத்துக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொடுக்கிறவர்களை நாம் மேடைகளில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். இரண்டாவது பண்டிதர் முதலாமவரை ஆமோதிப்பதும் நமக்குப் பழக்கமான காட்சியே.

முன்னூறு வருஷத்துக்கு மேல் அந்த வாசிப்பே நின்றது. 1873-இல் ஏ.சி. பர்னல் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டு, இது பஹ்லவி - பழைய பாரசீக எழுத்து - என்று நிறுவினார். சென்னை மாகாண சிவில் சர்வீஸில் நீதிபதி. தஞ்சை அரண்மனைச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை செய்த அதே பர்னல்தான். எழுத்தை அடையாளம் கண்டதோடு அவர் வேலை முடிந்திருந்தால் குறையில்லை. அவரும் படித்தார். கிறிஸ்துவின் பாடுகளையும் தெய்வத்தன்மையையும் பற்றிய ஒரு கொள்கைப் பிரகடனமாகப் படித்தார். நெஸ்டோரியன்களின் துர்ப்போதனை என்ன என்பதில் ஐரோப்பா கவனமாயிருந்த காலம் அது. கல்லும் அதைப் பற்றியே பேசியது. பண்டிதரிடமிருந்து நீதிபதி எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்? எழுத்துவரை வந்திருக்கிறார். அது சின்னத் தூரமல்ல, ஆனால் போதவில்லை.

பஹ்லவியைப் படிப்பதன் கஷ்டம் தமிழ்ச் சுவடி பார்த்தவர்களுக்குப் புரியும். புள்ளி இல்லாத ஓலையில் மெய்யையும் உயிர்மெய்யையும் நாமே பிரித்துக்கொள்கிறோம். எகரமா ஏகாரமா என்று சூழலை வைத்து முடிவு செய்கிறோம். பஹ்லவி இதைவிட மோசம். ஒலிகளைவிட எழுத்து வடிவங்கள் குறைவு. ஒரே கோடு இரண்டு மூன்று ஒலிகளுக்கு நிற்கும். பொதுச் சொல்லைச் சூழலால் கண்டுபிடிக்கலாம். ஆள் பெயருக்குச் சூழல் ஏது? போதாததற்கு, வளைவில் ஓடும் வரியை எந்த முனையில் தொடங்குவது என்பதிலேயே அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது.

1920களின் கடைசியில் விங்க்வொர்த் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் வேறு முனையில் தொடங்கிப் படித்தார். கொள்கைப் பிரகடனம் மறைந்தது. ஒரு பிரார்த்தனை வெளிப்பட்டது. ஆண்டவராகிய கிறிஸ்து இன்னாருடைய மகன் இன்னார்மேல், இதைச் செதுக்கியவன்மேல், இரக்கம் காட்ட வேண்டும் என்பதே அதன் சாரம். அப்ராஸ் என்று அவர் பெயரைப் படித்தார். 1970-இல் ஜெர்மானியர் கெர்ட் க்ரோப் அதே கோடுகளில் சப்ரிஷோ என்று கண்டார். 2002-இல் இத்தாலியர் கார்லோ செரெத்தியும் உடனுழைத்தவர்களும் கப்ரியேல் என்று படித்தார்கள். செதுக்கினானா, கொண்டுவந்தானா, செய்வித்தானா என்பதில் வினைச்சொல்லும் மாறிக்கொண்டிருக்கிறது. நிலைத்து நிற்பவை இரண்டு. ஒன்று, இரக்கம் கேட்கும் அந்தக் குரல். இன்னொன்று, தகப்பன் பெயர்: சஹார்புக்த். நால்வரால் மீட்கப்பட்டவன் என்று அதற்குப் பொருள். நால்வர் என்றால் நமக்கு வேறு நால்வர் நினைவுக்கு வருவார்கள். அவர்களில் ஒருவர் இதே மயிலைக்கு ஒரு பதிகம் பாடினவர். பாரசீகனின் நால்வர் வேறு. ஆனால் ஏறக்குறைய அதே காலம், அதே கடற்கரை.

வங்கியில் கையெழுத்துச் சரிபார்க்கிற உத்தியோகத்தில் இருப்பவனுக்கு இந்த மூன்று பெயர்களின் மேல் ஒரு தனிக் கவனம் விழுகிறது. காசோலையில் பெயர் ஐயத்துக்கிடமானால் திருப்பி அனுப்பிவிடுகிறோம். இந்தக் கல்லைத் திருப்பி அனுப்ப இடமில்லை. தவிர, இதே வாசகம் கோட்டயம், கடமற்றம், முட்டுச்சிறை என்று கேரளத்துக் கோயில்களிலும் இருக்கிறது. 2001-இல் கோவாவிலும் ஒன்று கிடைத்தது. எல்லாவற்றிலும் அதே ஆளின் பெயர்! ஒரு மூலத்தைப் பார்த்து மற்றவற்றைப் பிரதி செய்திருக்கிறார்கள். செய்தவர்களில் சிலருக்காவது அந்த எழுத்து தெரிந்திருக்காது. எழுத்தைப் படிக்கத் தெரியாமல், யாரோ ஒருவனுக்காக ஊர் ஊராக இரக்கம் கேட்டிருக்கிறார்கள்.

பஹ்லவி தெரிந்தவர்கள் இந்தக் கரையில் இருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சியும் உண்டு. 849-இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அய்யனடிகள் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. அதன் கடைசி ஏட்டில் அரபு எழுத்திலும், பஹ்லவியிலும், எபிரேய எழுத்திலுமாகச் சாட்சிக் கையெழுத்துகள். மயிலாப்பூர் மடாலயத்துக்கு அப்படியொரு செப்பேடு நம் கையில் இல்லை. இருப்பது கல்லில் ஒரு வரி.

இங்கே மயிலாப்பூர் இழந்த மற்றவற்றையும் சேர்த்தே பேச வேண்டும். இங்கே நேமிநாதருக்குச் சமணக் கோயில் இருந்தது. குணவீர பண்டிதர் தம் இலக்கணத்துக்கு நேமிநாதம் என்று பெயரிட்டது அவர் பெயரால்தான். அந்தப் படிமம் மேல்சித்தாமூருக்குப் போய்விட்டது என்பது தமிழ்ச் சமணரின் மரபு. கபாலீசுவரர் கோயில் முன்பு கடற்கரையில் இருந்தது என்பது சைவர்களின் மரபு. இன்று நாம் பார்க்கும் கோயில் பிற்காலத்தது. சாந்தோமில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகளை வைத்து ஒரு கட்சி வழக்காடுகிறது. தோமையாரை வைத்து மறுகட்சி வழக்காடுகிறது. இரண்டு கட்சிகளும் ஆள் அனுப்பி அழைத்து வருவது அதே பண்டிதரைத்தான். போர்ச்சுகீசியர் இந்தக் கரையில் செய்தவற்றுக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியவர்களே. அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் ஒரு துண்டுக் கல் தன்னிடம் உள்ள எழுத்துக்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லாது. அதைச் சொல்லவைக்கிறவர்களின் கையில் மயிலாப்பூரின் சமணரும் நெஸ்டோரியரும் இரண்டாம் தடவை காணாமல் போகிறார்கள். வழக்கில் அவர்களுக்கு வாதி இல்லை, பிரதிவாதியும் இல்லை.

கீழைக் கிறிஸ்தவத்தின் கடைசித் தடம் ஆர்மீனியர்களுடையது. மலைக்கு ஏறும் படிகளைக் கட்டிவைத்தவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. 1726-இல் அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் மார்மலாங் பாலத்தைக் கட்டியவரும் அவரே. மாம்பலம் என்ற பெயரின் சிதைவு அந்த மார்மலாங். 1960களில் அதற்குப் பதிலாக வந்த பாலத்துக்கு மறைமலையடிகள் பெயர். 1751-இல் இறந்த உஸ்கானின் உடல் வேப்பேரியில் இருக்கிறது; இருதயத்தை மட்டும் அவர் விருப்பப்படி பாரசீகத்து ஜூல்பாவுக்கு அனுப்பினார்கள். அவருடைய இனத்தார் 1772-இல் கட்டிய மாதா கோயில் ஆர்மீனியன் தெருவில் நிற்கிறது. மணிக்கூண்டில் ஆறு மணிகள். உள்ளே 1794-இல் உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையைச் சென்னையில் அச்சிட்ட ஹாருத்தியூன் ஷ்மாவோனியனின் கல்லறை. சுற்றிலும் தரையில் பாவிய கல்லறைக் கற்கள். வழிபடுவதற்கு அங்கே சபை இல்லை. கல்கத்தா ஆர்மீனியர்கள் பராமரிக்கிறார்கள். ஒரு மடாலயம் எப்படி ஒரு விளக்காகச் சுருங்குகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் ஆறாம் நூற்றாண்டுக்குப் போக வேண்டாம். பாரிமுனைக்குப் போனால் போதும்.

பரங்கிமலைக் கல்லை இனியும் படிப்பார்கள். கப்ரியேலும் ஒருநாள் வேறு பெயராகலாம். அதனால் அந்தக் கல் பொய்யாகிவிடாது. பண்டிதரின் முழுச் சரித்திரத்தைவிட இந்த நிச்சயமில்லாத ஒற்றைப் பெயரில் மனிதன் அதிகம் இருக்கிறான். மடாலயம் கட்டியவர்கள், தலைமைப் பிஷப்புகள், நிலம் கொடுத்த அரசர்கள் யாருடைய பெயரும் இல்லை. தன்மேல் இரக்கம் காட்டச் சொல்லித் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் செதுக்கச் செய்த ஒருத்தன் மட்டும் இருக்கிறான். அவன் பெயரைத் தெளிவாகச் சொல்ல நம்மால் முடியவில்லை. அவன் கேட்டது என்ன என்பது தெரிகிறது.